ஆஸ்பத்திரி ஃபார்மசியில் தன்னார்வலராகச் சேரும் முதலாண்டு மாணவி எதைச் செய்யலாம், எதைத் தொடக்கூடாது?

பி.ஃபார்ம் முதலாண்டு முடித்திருக்கிறேன், எங்கள் ஊரில் ஓர் அறக்கட்டளை நடத்தும் ஆஸ்பத்திரியின் ஃபார்மசிக்கு லீவு முடியும்வரை தன்னார்வலராக வரச் சொல்லியிருக்கிறார்கள், திங்கட்கிழமை சேர வேண்டும், அதற்குள் எந்தெந்த மருந்துகளைப் படித்துக்கொண்டு போவது என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசியில் இன்னொரு வரியும் இருக்கிறது: டாக்டர் எழுத்து புரியாமல் யாருக்காவது மருந்தை மாற்றிக் கொடுத்துவிட்டால் என்ன ஆகும்? எனக்கு அந்த வரிதான் உங்கள் உண்மையான கேள்வியாகத் தெரிகிறது. அதனால் அதற்கே முதலில் பதில். நோயாளி கையில் நீங்கள் மருந்து கொடுக்கப் போவதில்லை, யாராவது கொடுக்கச் சொன்னாலும் கொடுக்கக் கூடாது. கவுன்டரில் என்ன கூட்டம் இருந்தாலும் இது மாறாது.

இதை என் சொந்தக் கருத்தாகச் சொல்லவில்லை. 1948-ஆம் ஆண்டு ஃபார்மசி சட்டத்தின் 42-ஆவது பிரிவு, டாக்டர் சீட்டுக்கு மருந்து தயாரிப்பதையும் கலப்பதையும் வழங்குவதையும் பதிவுபெற்ற ஃபார்மசிஸ்ட் மட்டுமே செய்ய வேண்டும் என்கிறது. 1945-ஆம் ஆண்டு மருந்து விதிகளில் 65-ஆவது விதியும் பதிவுபெற்றவரின் நேரடி மேற்பார்வையைக் கேட்கிறது. நீங்கள் இன்னும் பதிவு பெறவில்லை, படித்து முடிக்க மூன்று வருடம் இருக்கிறது. "நம்ம பொண்ணுதானே, இந்தச் சீட்டை மட்டும் பார்த்து எடுத்துக் கொடுத்துடும்மா" என்று நல்ல மனதோடுதான் சொல்வார்கள். "எடுத்து வைக்கிறேன் சார், நீங்க பார்த்துட்டுக் கொடுங்க" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிடுங்கள். இதைச் சொன்னதற்காக எந்த நல்ல ஃபார்மசிஸ்டும் கோபித்துக்கொள்ள மாட்டார். கோபிக்கிற இடமாக இருந்தால் அங்கே நீங்கள் கற்பதற்கு அதிகம் இல்லை.

நான் பல வருடங்களாக ஆஸ்பத்திரி ஃபார்மசியில் வேலை பார்ப்பவன், பயிற்சிக்கு வரும் டி.ஃபார்ம், பி.ஃபார்ம் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வதும் என் வேலையில் ஒரு பகுதி. ஆனால் என் அனுபவம் முழுக்கத் தனியார், அறக்கட்டளை ஆஸ்பத்திரிகளில்தான். அரசு ஆஸ்பத்திரி மருந்தகம் வேறு மாதிரி நடக்கும். அங்கே மருந்து தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தின் கிடங்கிலிருந்து வருகிறது. 1994-இல் தொடங்கிய கழகம் அது. ரேக்கில் பிராண்ட் பெயர் (கம்பெனி வைத்த பெயர்) அவ்வளவாக இருக்காது, மூலப்பெயர்தான், அதாவது உள்ளே இருக்கும் மருந்தின் பெயர். பில் போடும் வேலையே கிடையாது. ஆகவே கீழே நான் சொல்வதில் சட்டம், மருந்தின் தன்மை பற்றியவை எங்கேயும் பொருந்தும். வேலை நடைமுறை பற்றியவற்றை உங்கள் இடத்து இன்சார்ஜிடம் ஒருமுறை கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

சரி, அப்படியானால் உங்களுக்கு என்ன வேலை தருவார்கள்? பெரும்பாலும் வந்த சரக்கை இன்வாய்ஸோடு ஒத்துப் பார்ப்பது, ரேக்கில் அடுக்குவது, எக்ஸ்பயரி பார்ப்பது, வார்டிலிருந்து வரும் இண்டென்ட்டுக்கு (தேவைப்படும் மருந்துகளின் பட்டியல்) எடுத்து வைப்பது, வார்டு திருப்பி அனுப்பிய ரிட்டர்னைப் பிரிப்பது. நிறையப் பிள்ளைகள் இதைக் கேட்டதும் முகம் சுண்டிப்போவார்கள், மருந்து படிக்க வந்தால் பெட்டி தூக்கச் சொல்கிறார்களே என்று. நான் அழுத்திச் சொல்கிறேன், முதலாண்டு முடித்தவருக்கு ரேக்கைவிட நல்ல வகுப்பறை கிடையாது. உங்கள் பயத்துக்கும் அங்கேதான் சம்பந்தம் இருக்கிறது. கவுன்டரில் மருந்து மாறிப் போனதை விசாரித்தால் பல சமயம் அதன் தொடக்கம் ரேக்கில் இருக்கும். இரத்த அழுத்தத்துக்கான அம்லோடிபின் 5 மில்லிகிராம் பெட்டிக்குள் 10 மில்லிகிராம் அட்டை ஒன்று காலையிலேயே வந்து உட்கார்ந்திருக்கும். அவசரத்தில் எடுப்பவர் பெட்டியின் மேல் எழுதியதை நம்பி எடுப்பார். நீங்கள் நேரடியாக யாருக்கும் மருந்து கொடுக்காமலே ஒரு தப்புக்குக் காரணமாக முடியும் என்றால் அது இந்த வழியில்தான். அதேபோல், யாருக்கும் தெரியாமல் ஒரு தப்பை முன்கூட்டியே தடுக்க முடிவதும் இதே வழியில்தான்.

அதனால் ஓர் அட்டையைக் கையில் எடுத்தால் எப்படிப் பார்ப்பது என்று பழகுங்கள். பிராண்ட் பெயர் பெரிதாக இருக்கும், அதை விட்டுவிட்டு முதலில் சின்ன எழுத்தில் இருக்கும் மூலப்பெயரைப் படியுங்கள். அடுத்து அளவு. அது மில்லிகிராமா மைக்ரோகிராமா என்று பாருங்கள், தைராக்ஸின் எல்லாம் மைக்ரோகிராமில்தான் வரும், 25, 50, 75, 100 என்று. அப்புறம் பெயருக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் எழுத்துகள். எஸ்ஆர் என்றால் மெதுவாகக் கரையும் மாத்திரை, உடைக்கவோ பொடிக்கவோ கூடாது. இரத்த அழுத்தத்துக்கு வரும் டெல்மா 40 என்பது டெல்மிசார்டன் மட்டும், டெல்மா ஏஎம் என்றால் கூடவே அம்லோடிபின், டெல்மா எச் என்றால் கூடவே ஹைட்ரோகுளோரோதையசைடு. சர்க்கரை நோய்க்கான கிளைகோமெட் ஜிபி 1, ஜிபி 2 என்று வருவதில் அந்த 1, 2 என்பது மெட்ஃபார்மினின் அளவு இல்லை, கிளிமிபிரைடு எத்தனை மில்லிகிராம் என்பது. சர்க்கரையைச் சட்டென்று இறக்கக்கூடிய மருந்து கிளிமிபிரைடு என்பதால் அந்த ஒற்றை எண் மாறினாலும் வயதானவர்களுக்கு ஆபத்து. இதெல்லாம் புத்தகத்தில் ஒரே இடத்தில் கிடைக்காது, அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துத்தான் மனதில் நிற்கும்.

கடைசியாக பேட்ச் எண், எக்ஸ்பயரி. மாதமும் வருடமும் மட்டும் போட்டிருந்தால் அந்த மாதத்தின் கடைசி நாள்வரை கணக்கு. அடுக்கும்போது முதலில் வந்தது முன்னால் என்று வைப்பதில்லை, முதலில் காலாவதி ஆவதுதான் முன்னால், புதிய சரக்கு என்பதால் தேதி தள்ளித்தான் இருக்கும் என்று எண்ணிவிடாதீர்கள். இங்கே ஒரு சின்ன விஷயம், யாரும் சொல்லித்தர மறந்துவிடுவார்கள். பத்து மாத்திரை அட்டையில் நாலு மட்டும் வேண்டும் என்பார்கள், கத்தரியால் வெட்டுவோம். சில அட்டைகளில் பேட்சும் எக்ஸ்பயரியும் ஒரு ஓரத்தில் மட்டும்தான் அச்சாகியிருக்கும். எப்போதும் அதற்கு எதிர்ப் பக்கத்திலிருந்து வெட்ட வேண்டும். மாற்றி வெட்டினால் ரேக்கில் மிஞ்சுவது தேதியில்லாத வெள்ளித் தாள், சில சமயம் பெயர்கூட பாதிதான் இருக்கும். அப்படி ஒரு துண்டு கண்ணில் பட்டால் இது இன்ன மாத்திரையாகத்தான் இருக்கும் என்று ஊகித்து எந்தப் பெட்டியிலும் போடாதீர்கள். எடுத்து ஃபார்மசிஸ்டிடம் கொடுங்கள், அவர் அதைத் தனியே ஒதுக்கிவிடுவார்.

பெயர்க் குழப்பம் இருக்கிறதே, அதற்கென்று ஒரு நோட்டுப் புத்தகம் வைத்துக்கொள்ளுங்கள். ஹைட்ராலசின் இரத்த அழுத்தத்துக்கு, ஹைட்ராக்சிசின் அரிப்புக்கு. டோபமின், டோபுட்டமின் இரண்டும் ஐசியூவில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். மெட்ஃபார்மின், மெட்ரோனிடசோல் இரண்டும் கிறுக்கல் எழுத்தில் முதல் மூன்று எழுத்து ஒன்றுதான். அகர வரிசைப்படி அடுக்கும் ஃபார்மசியில் இவை எல்லாம் தோளோடு தோள் ஒட்டி நிற்கும். நல்ல இடங்களில் வேண்டுமென்றே பிரித்து வைத்திருப்பார்கள், அல்லது கலர் ஸ்டிக்கர் ஒட்டியிருப்பார்கள். உங்களுக்கு வரிசை கலைந்திருப்பது போலத் தோன்றலாம். கேட்காமல் ஒழுங்குபடுத்திவிடாதீர்கள், அந்த ஒழுங்கின்மைக்குக் காரணம் இருக்கக்கூடும்.

ஃப்ரிட்ஜ் பக்கம் கொஞ்சம் நேரம் செலவழியுங்கள், அங்கே கற்க நிறைய இருக்கிறது. 2 முதல் 8 டிகிரி செல்சியஸ். இன்சுலின், தடுப்பூசிகள், ஆக்ஸிடோசின், மயக்க மருத்துவர் பயன்படுத்தும் சில ஊசிகள் எல்லாம் அங்கே. குளிர் குறைந்தால் கெடும் என்று எல்லோருக்கும் தெரியும், உறைந்தால் கெடும் என்பது பலருக்குத் தெரியாது. உறைந்த இன்சுலினை உருக்கி மறுபடி பயன்படுத்த முடியாது. எனவே ஃப்ரீசர் சுவரை ஒட்டி வைக்கக் கூடாது, கதவுத் தட்டிலும் வைக்கக் கூடாது, அங்கே திறக்கும்போதெல்லாம் சூடேறும். வெப்பநிலைப் பதிவேட்டை காலையும் மாலையும் எழுதும் வேலையை நீங்களே கேட்டு வாங்கிக்கொள்ளலாம். எழுதுவதென்றால் தெர்மாமீட்டரைப் பார்த்து எழுதுங்கள், நேற்றைய எண்ணைப் பார்த்து எழுதாதீர்கள். 11 டிகிரி காட்டினால் 11 என்றே எழுதி உடனே போய்ச் சொல்லுங்கள். 5 என்று எழுதிவிட்டால் பதிவேடு அழகாக இருக்கும், மின்வெட்டில் கெட்ட மருந்து நோயாளிக்குப் போகும்.

இன்சுலினில் இன்னொன்று. நம் நாட்டில் குப்பியில் வருவது பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 40 யூனிட், பேனாவுக்கான கார்ட்ரிட்ஜில் வருவது ஒரு மில்லிக்கு 100 யூனிட். சிரிஞ்சும் அதற்கேற்ப இரண்டு வகை: 40-க்கு சிவப்பு மூடி, 100-க்கு ஆரஞ்சு மூடி. 100 யூனிட் இன்சுலினை சிவப்பு மூடி சிரிஞ்சில் 20 கோடுவரை எடுத்தால் உள்ளே போவது 20 இல்லை, 50 யூனிட். வீட்டில் தனியாக இருக்கும் பெரியவருக்கு அது உயிர்ப் பிரச்சினை. எடுத்து வைக்கச் சொல்லும்போது இன்சுலினும் சிரிஞ்சும் ஒன்றுக்கொன்று பொருந்துகிறதா என்று பார்க்கும் பழக்கம் இந்த லீவிலேயே வந்துவிட்டால் அது உங்களுக்கு ஆயுளுக்கும் உதவும்.

சிலவற்றைத் தொடவே கூடாது என்றும் சொல்லிவிடுகிறேன். பொட்டாசியம் குளோரைடு ஆம்பூல் (ஊசி மருந்து அடைத்த சின்னக் குப்பி), 10 மில்லி, நிறமே இல்லாமல் பக்கத்தில் இருக்கும் ஸ்டெரைல் வாட்டர் ஆம்பூல் போலவே இருக்கும். நீர்க்கச் செய்யாமல் நரம்பில் நேராக ஏற்றினால் இதயம் நின்றுவிடும். இதைத் தனியே, எச்சரிக்கை ஒட்டிய இடத்தில்தான் வைப்பார்கள், வார்டு ரிட்டர்னில் கலந்து வந்தால் நீங்களே பிரித்து அடுக்க வேண்டாம், கூப்பிட்டுக் காட்டுங்கள். மார்ஃபின், ஃபென்டனில், பெத்திடின் இருக்கும் பூட்டிய அலமாரி பக்கம் போகவே வேண்டாம். 1985-ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டத்தின் கீழ் வரும் மருந்துகள் அவை, ஓர் ஆம்பூல் குறைந்தாலும் சாவி யார் கையில் இருந்தது என்ற விசாரணை வரும். "இந்தச் சாவியைக் கொஞ்சம் பிடிம்மா" என்று யாராவது நீட்டினால்கூட வாங்காதீர்கள். புற்றுநோய் மருந்துக் குப்பி எதுவாவது உடைந்து சிந்தியிருந்தால் துடைக்கப் போகாதீர்கள், அதற்கென்று பயிற்சி பெற்றவர்கள், தனிக் கையுறை, தனிப் பை எல்லாம் உண்டு.

டாக்டர் எழுத்துக்கு வருவோம். புரியவில்லை என்றால் யாரும் யூகிக்கக் கூடாது, முப்பது வருட சர்வீஸ் இருப்பவரும் சரி. வார்டுக்கோ ஓபிக்கோ போன் போட்டுக் கேட்பதுதான் வழி, அந்தப் போனை ஃபார்மசிஸ்ட்தான் போடுவார். நீங்கள் பக்கத்தில் நின்று அவர் எப்படிக் கேட்கிறார் என்று கவனியுங்கள். "இது மெட்ஃபார்மினா?" என்று கேட்க மாட்டார், அவசரத்தில் எதிர்முனை ஆமாம் என்று சொல்லிவிடலாம். "என்ன மருந்து எழுதியிருக்கீங்க, எத்தனை மில்லிகிராம்?" என்று கேட்பார். சுருக்கெழுத்துகளை மட்டும் போவதற்கு முன்பே படித்துவிடுங்கள், அவை கொஞ்சம்தான்: ஓடி தினம் ஒருமுறை, பிடி இருமுறை, டிடிஎஸ் மும்முறை, எச்எஸ் படுக்கும் முன், எஸ்ஓஎஸ் தேவைப்பட்டால், ஸ்டாட் உடனடியாக. 1-0-1 என்றால் காலையும் இரவும். இதிலும் பள்ளம் உண்டு. கண் சொட்டு மருந்துச் சீட்டில் ஓடி என்பது வலது கண் என்ற பொருளிலும் வரும். யூனிட் என்பதற்கு யு என்று ஒற்றை ஆங்கில எழுத்து போட்டால் அது பூஜ்யம் மாதிரி தெரிந்து 10 யூனிட் 100 ஆகிவிடும். மெத்தோட்ரெக்சேட் மூட்டுவாதத்துக்கு எழுதினால் வாரத்துக்கு ஒருமுறை மட்டும். தினமும் என்று புரிந்துகொண்டால் உயிருக்கே ஆபத்து. அந்த மருந்தின் பெயரைச் சீட்டில் பார்த்தாலே ஃபார்மசிஸ்ட் எப்படி நிறுத்தி நிதானமாகப் பேசுகிறார் என்று கவனித்துப் பாருங்கள்.

ரேக்கில் எவ்வளவு கவனமாக இருந்தாலும் நோயாளிகளிடமிருந்து நீங்கள் தப்ப முடியாது. கோட்டு போட்டு ஜன்னலுக்கு உள்ளே நின்றால் அவர்களுக்கு எல்லோரும் ஒன்றுதான். ஒரு பெரியவர் டிஸ்சார்ஜ் பையோடு வந்து "பாப்பா, இந்த வெள்ளை மாத்திரை சுகருக்கா, பிரஷருக்கா?" என்று கேட்பார். உங்களுக்குப் பதில் தெரிந்துகூட இருக்கும், அட்டையில் மெட்ஃபார்மின் என்று எழுதியிருக்கிறதே. அப்போதும் "இருங்க தாத்தா, ஃபார்மசிஸ்ட் அக்காவைக் கூப்பிடுறேன்" என்பதுதான் பதில், ஏனென்றால் அடுத்த கேள்வி "அப்ப வீட்ல இருக்கிற பச்சை அட்டையையும் சேர்த்துப் போடணுமா?" என்பதாக இருக்கும். அங்கேதான் விஷயம் இருக்கிறது. பிராண்ட் மாறியதால் அட்டையின் நிறம் மாறியிருக்கும், அவர் பழையதையும் புதியதையும் சேர்த்து இரண்டு மடங்கு சாப்பிட்டுக்கொண்டிருப்பார். நீங்கள் அவசரப்பட்டு முதல் கேள்விக்குப் பதில் சொல்லி அனுப்பியிருந்தால் இரண்டாவது கேள்வி வந்தே இருக்காது. ஃபார்மசிஸ்ட் வரும்வரை அவரை உட்கார வைத்து, வீட்டில் என்னென்ன மாத்திரை இருக்கிறது என்று கேட்டு வையுங்கள். தன்னார்வலர் நோயாளிக்குச் செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி அதுதான் என்பது என் கருத்து.

சொந்த ஊர் என்பதால் தெரிந்த முகங்கள் வரும். யார் என்ன மருந்து வாங்கினார்கள் என்பது வீட்டில் அம்மாவிடம்கூடப் பேசும் விஷயம் இல்லை. மனநல மருந்து, காசநோய் மருந்து, எச்ஐவி மருந்து எதுவானாலும் இதே கதைதான். எச்ஐவி விஷயத்தில் 2017-ஆம் ஆண்டுச் சட்டமே ரகசியம் காக்கச் சொல்கிறது. சீட்டைப் படிப்பதற்காக என்று மொபைலில் போட்டோ எடுக்காதீர்கள். மருந்தின் பெயரை மட்டும் நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள், ஆளின் பெயர் வேண்டாம்.

உங்கள் உடம்பையும் பார்த்துக்கொள்ள வேண்டும். ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போட்டிருக்கிறீர்களா என்று வீட்டில் கேளுங்கள். இல்லையென்றால் முதல் தவணையை இந்த வாரமே போடலாம், அடுத்தவை ஒரு மாதம், ஆறு மாதம் கழித்து. வார்டு ரிட்டர்ன் பெட்டிக்குள் பார்க்காமல் கை விடாதீர்கள், மூடாத ஊசியோ உடைந்த ஆம்பூலோ கிடக்கலாம். மூடியதும் முன்பக்கம் மறைந்ததுமான செருப்பு போடுங்கள். குத்திவிட்டால் ஓடும் தண்ணீரில் சோப்பு போட்டுக் கழுவிவிட்டு அன்றைக்கே, அந்த நிமிடமே இன்சார்ஜிடம் சொல்லுங்கள், திட்டுவார்கள் என்று மறைக்காதீர்கள், தடுப்பு மருந்துக்கு நேரம் முக்கியம்.

நீங்கள் கேட்ட படிப்பு விஷயத்துக்கு இப்போது பதில் சொன்னால், மருந்துப் பட்டியல் எதையும் மனப்பாடம் செய்ய வேண்டாம். சுருக்கெழுத்துகள், மில்லிகிராம் மைக்ரோகிராம் கணக்கு, ஷெட்யூல் எச், எச்1, எக்ஸ் (டாக்டர் சீட்டில்லாமல் விற்கக் கூடாத மருந்துகளின் பட்டியல்கள்) என்றால் என்ன வித்தியாசம், இவ்வளவு போதும். எச்1 என்பது 2014 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. டிராமடால், ஆல்பிரசோலம், செஃபிக்ஸிம், காசநோய் மருந்துகள் எல்லாம் அதில் வரும். விற்றால் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். அந்தப் பதிவேட்டைப் பார்க்கக் கேளுங்கள், காட்டுவார்கள். போன பின்பு தினம் ஐந்து மருந்து மட்டும் எடுத்துக்கொண்டு, அன்று உங்கள் கை பட்டவற்றிலிருந்து, எதற்கு, எவ்வளவு, எப்படிச் சேமிப்பது என்று ராத்திரி எழுதுங்கள். அடுத்த வருடம் பார்மகாலஜி வகுப்பில் அந்தப் பெயர்கள் வரும்போது உங்களுக்கு அவை தெரிந்த முகங்களாக இருக்கும்.

சான்றிதழ் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன், பிறகு ஏமாற்றம் வேண்டாம். பி.ஃபார்ம் பாடத்திட்டம் கேட்கும் 150 மணி நேரப் பயிற்சி ஆறாவது செமஸ்டருக்கும் ஏழாவதுக்கும் நடுவில் செய்வது. இந்த லீவு அதில் கழியாது. டி.ஃபார்ம் படிப்பவர்களுக்கான 500 மணி நேரமும், அதில் குறைந்தது 250 மணி நேரம் மருந்து வழங்கும் வேலையில் இருக்க வேண்டும் என்பதும் தனிக் கணக்கு. ஆகவே மணி நேரத்துக்காகப் போகாதீர்கள். வேலையை முடித்துக் கிளம்பும்போது இன்சார்ஜிடம் ஒரு கடிதம் கேளுங்கள், எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, என்னென்ன வேலை செய்தீர்கள் என்று லெட்டர்ஹெட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். "மருந்து வழங்கினார்" என்று அதில் எழுதியிருந்தால் அந்த வரியை எடுத்துவிடச் சொல்லுங்கள், ஸ்டாக், எக்ஸ்பயரி, இண்டென்ட் வேலைகளில் உதவினார் என்று இருந்தால் போதும்.